ஞாயிற்றுக்கிழமை வருகிற அந்த மனுஷன்

தென் மாவட்டத்துக் கிராமத் திருச்சபை ஒன்றிலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கூட்டுறவு வங்கியில் காசாளர். 12 வருடமாக ஆலயப் பாடகர் குழுவை நடத்துகிறார், வாலிபர் ஐக்கியத்துக்கும் அவர்தான் தலைவர். மனைவி, 9 வயதில் ஒரு மகள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

"அம்மா, போன டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட் போனோம். மூன்றாவது நாள் ராத்திரி பதினொன்றரை மணி. கீபோர்டு வாசிக்கும் பையனுக்கு 16 வயது. ஒரு வீட்டு வாசலில் வேறு சுருதியில் ஆரம்பித்துவிட்டான். கையில் மைக் இருப்பதையே மறந்து, 'குடிகாரன் மகனுக்குச் சுருதி எப்படிடா நிக்கும்?' என்று கேட்டுவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கீபோர்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான், ஸ்டாண்டை மடக்கிச் சுவரில் சாய்த்தான், இருட்டில் நடந்து வீட்டுக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் ஆலயத்துக்கு வரவில்லை.

"இன்னொன்று. கேரலில் வசூலான பணம் என் பொறுப்பில் இருந்தது. ஜனவரியில் என் தாயாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதிலிருந்து 18,500 ரூபாய் எடுத்தேன். 23 நாளில் நகைக் கடன் வாங்கித் திருப்பி வைத்துவிட்டேன். கணக்கு ஒப்படைக்கும்போது ஒரு ரூபாய் குறையவில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது.

"இப்போது சபை மன்றத் தேர்தலில் செயலாளருக்கு என்னை நிற்கச் சொல்கிறார்கள். 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்று வசனமே இருக்கிறது, யார் உங்களைக் கேட்பார்கள்' என்கிறார்கள் நண்பர்கள். பையன் விஷயத்தில், இயேசுவே ஆலயத்தில் சாட்டை எடுத்தாரே என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். என் மனைவி மட்டும், 'ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்ற அந்த மனுஷனை நாங்களும் ஒரு நாள் வீட்ல பாக்கணும்' என்றாள். 21 நாள் உபவாசம் இருக்கலாமா, சபை நடுவில் நின்று எல்லாவற்றையும் அறிக்கையிடலாமா, இல்லை எல்லாப் பொறுப்பையும் விட்டுவிட்டு ஒதுங்கிவிடலாமா? நல்ல சீஷனாக, நல்ல தலைவனாக மாற எனக்கு ஆசை."

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை வரிகளை எண்ணினேன். இருபது வருடமாக வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் இந்த வேலையைச் செய்வதில் வந்த பழக்கம் அது. பணத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தேர்தலுக்கு ஒரு பக்கம். அந்தப் பையனுக்குப் பத்து வரி, மனைவிக்கு மூன்று வரி. மகளுக்கு அவள் வயது மட்டும்தான் கிடைத்திருக்கிறது. உங்களை உறுத்துவது எது, உங்களால் காயப்பட்டவர்கள் யார் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இல்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆகவே நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை.

யாரும் கண்டுபிடிக்காத ஒன்றை நீங்களாகவே எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காக முதுகில் தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். எனக்கு எழுதுவது சுலபம், நான் உங்கள் ஊர்க்காரி இல்லை.

நண்பர்கள் சொன்ன அந்த வசனத்தை முதலில் முடித்துவிடுவோம். சங்கீதம் 105-ஐ எடுத்து 12-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். சொந்த நிலம் இல்லாமல், கொஞ்சப் பேராக, ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் வீட்டாரை ராஜாக்கள் துன்புறுத்தாதபடி கர்த்தர் காத்ததைச் சொல்லும் சங்கீதம் அது. பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்கள் தொடக்கூடாது என்பதற்காக வந்த வசனம். அன்றிரவு அந்தத் தெருவில் மைக் யார் கையில் இருந்தது? வசனம் காப்பது அந்தப் பையனைத்தான். தலைவனைக் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்கு அதை எடுத்துக்கொண்டால், அந்தியோகியாவில் சபைத் தலைவர்களில் ஒருவரான பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்த பவுலை எங்கே வைப்பது?

சாட்டையும் ஒரு ராத்திரியும்

இயேசு ஆலயத்தில் மேசைகளைக் கவிழ்த்ததைக் கோபத்துக்குச் சாட்சியாக இழுக்காத சபைத் தலைவரை நான் பார்த்ததே குறைவு. மாற்கு 11-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது, பிரசங்கங்களில் அது அதிகம் வருவதில்லை. 11-ஆம் வசனம். இயேசு எருசலேமுக்கு வருகிறார், தேவாலயத்துக்குள் போகிறார், எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறார், சாயங்காலமாகிவிட்டதால் பன்னிருவரோடு பெத்தானியாவுக்குப் போய்விடுகிறார். மறுநாள் வந்துதான் மேசைகளைக் கவிழ்க்கிறார். நடுவில் ஒரு முழு ராத்திரி இருக்கிறது. யோவான் எழுதியதில் கயிற்றால் சவுக்கு உண்டாக்கினார் என்று வருகிறது. கயிற்றை முறுக்கவும் கொஞ்ச நேரம் ஆகும்தானே.

அவர் கவிழ்த்தது யாருடைய ஆசனங்களை என்றும் பாருங்கள். புறா விற்கிறவர்களுடைய ஆசனங்களை. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைகள் கொண்டுவரும் காணிக்கை புறா. ஏழையிடம் லாபம் பார்த்தவர்கள்மேல் வந்த கோபம் அது. உங்களுடையது ஒரு ஏழைப் பையன்மேல், அவன் செய்யாத குற்றத்துக்கு, அவன் அப்பாவின் பெயரால் வந்தது. "மனுஷனுடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்று யாக்கோபு எழுதியது இந்த மாதிரி கோபத்துக்குத்தான்.

சரி, கோபம் எங்கிருந்து வந்தது? பகலெல்லாம் கவுண்டரில் பணம் எண்ணிவிட்டு, மூன்று ராத்திரி தூக்கம் கெட்டு, சாப்பாடு நேரம் தவறிக் கேரல் நடத்தியிருக்கிறீர்கள். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. மூன்று ராத்திரியையும் ஒருவரே நடத்த வேண்டும் என்று யார் சொன்னது? மோசே காலை முதல் சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்று சொல்ல மாமனார் எத்திரோ வர வேண்டியிருந்தது. நாலு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில், கோபம் வந்த நேரம், யார்மேல் வந்தது, அன்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்ற மூன்றை மட்டும் குறித்து வையுங்கள். 'யார்மேல்' என்று குறித்த இடத்தில் மேலதிகாரியின் பெயர் ஒரு தடவையாவது வருகிறதா என்று பாருங்கள். வரவே வராவிட்டால், உங்கள் கோபம் கட்டுக்கு அடங்காதது அல்ல, ஆள் பார்த்து வருகிறது என்று அர்த்தம்.

உபவாசத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஏசாயா 58-ஐ வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள். உபவாசமும் இருந்துகொண்டு கையால் குத்தவும் செய்கிறவர்களைப் பற்றி அதில் இருக்கிறது. பட்டினி கிடந்தால் உங்களுக்கு எரிச்சல் கூடுமா குறையுமா என்று உங்கள் மனைவியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்ப வைத்த பணம்

"எடுத்தேன், வைத்துவிட்டேன், யாருக்கும் நஷ்டமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவுண்டரில் இருந்து ஒருவர் 18,500 ரூபாயை எடுத்துப்போய் 23 நாள் கழித்துக் கொண்டுவந்து வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று ஒரு காசாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்திலும் இதற்குச் சலுகை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314-ஆம் பிரிவு, நேர்மையில்லாமல் கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதும் கையாடல்தான் என்று விளக்கமாகவே சொல்கிறது. நம்பி ஒப்படைத்த பணம் என்றால் நம்பிக்கை மோசடி பற்றிய 316-ஆம் பிரிவும் பேச்சுக்கு வரும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். முழுதும் திருப்பி வைத்ததும் தானாக முன்வந்து சொன்னதும் உங்கள் பக்கத்துக்கு நல்லதுதான். ஆனாலும் பேசப் போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

போதகரையும் சபைப் பொருளாளரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நேரில் சொல்லுங்கள். தேதி, தொகை, எப்போது திருப்பி வைத்தீர்கள் என்பது ஒரு தாளில் இருக்கட்டும். தாயாரின் வியாதியை முதல் வரியாக வைக்காதீர்கள். அதைக் கேட்டதும் அவர்கள் இளகிவிடுவார்கள், நீங்கள் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். "அதான் வெச்சிட்டீங்கள்ல, விடுங்க தம்பி" என்று போதகர் சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. நல்ல மனுஷர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அப்போதும் விடாதீர்கள், எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், இனி எந்த வசூலும் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். எருசலேம் சபைக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, கூட ஆள் வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் அதற்குக் காரணமும் சொல்கிறார்.

ஆபத்து இருக்கிறது. தேர்தல் நேரத்தில் நம் சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதிகளில்) எந்த ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். எதிரணிக்காரர் கையில் இது கிடைத்தால் பாடகர் குழுவில் பாதிப் பேர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள்.

சபை நடுவில் நின்று எல்லாவற்றையும் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கண்ணீரோடு மைக்கில் பேசுகிறவரை நம் ஆட்கள் கட்டிப்பிடிப்பார்கள், 'என்ன தாழ்மை' என்பார்கள், அடுத்த மாதம் பக்கத்துச் சேகரத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். மேடையில் வந்த வியாதிக்கு இன்னொரு மேடையா மருந்து? பணம் யாருடைய பொறுப்பில் வருகிறதோ அவர்களிடம் பணத்தைச் சொல்லுங்கள். பையனை யார் முன்னால் அவமானப்படுத்தினீர்களோ அவர்கள் முன்னால் அதைச் சொல்லுங்கள், அதையும் அவன் சம்மதித்தால் மட்டும்.

அந்தப் பையன்

நான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தது இவனைத்தான். ஜிப்பை இழுத்து மூடி, ஸ்டாண்டை மடக்கிச் சாய்த்துவிட்டுப் போனான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அவமானத்திலும் சபையின் பொருளைக் கீழே போட்டுவிட்டுப் போகவில்லை அவன். அன்று அந்த வாசலில் சீஷனாக நடந்துகொண்டது யார்?

அவன் அம்மா பீடி சுற்றுகிறவர் என்று கடிதத்தில் வேறோர் இடத்தில் சொல்லியிருந்தீர்கள். அவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். 18 வயது ஆகாத பையனோடு தனியாக உட்கார்ந்து பேசும் பேச்சல்ல இது, அம்மாவும் கேட்க வேண்டியது. அவர் காதிலும் அந்த வார்த்தை விழுந்திருக்கும். "நான் சொன்னது தப்பு. உன் அப்பாவை இழுத்தது அதைவிடத் தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீ சரின்னு சொன்னா எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன்." இவ்வளவு போதும். 'ஆனா நீயும் கொஞ்சம்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் வாய்வரை வரும், விழுங்கிவிடுங்கள். திரும்ப வாசிக்க வா என்று அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால், கீபோர்டுக்கு ஆள் இல்லாமல் வந்திருக்கிறார் என்றுதான் அவனுக்குத் தோன்றும். அவன் மன்னிக்காமலும் போகலாம், அந்த உரிமை அவனுக்கு உண்டு.

பவுலுக்கும் இப்படி ஒரு பையன் இருந்தான். யோவான் மாற்கு பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவன் என்று சொல்லி, அடுத்த பயணத்துக்கு அவனைச் சேர்க்கவே மாட்டேன் என்றார். சக ஊழியரான பர்னபாவோடு சண்டை முற்றி இருவரும் பிரிந்தே போனார்கள். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போனவர் பர்னபா. வருடங்கள் கழித்துச் சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார்: மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். நடுவில் பவுலுக்குள் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. உங்கள் சபையில் அந்தப் பையனை இப்போது யாராவது விசாரித்துக்கொண்டிருக்கிறார்களா? இருந்தால் அவர்தான் அவனுக்குப் பர்னபா. அவரிடமிருந்து அவனைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

நம் பக்கத்துக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகள் முன் பேசினார். நீங்கள் ஏழைகளுக்கு ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சரீரங்களையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நிறையத் தியாகம் செய்தவர்கள், அதை அவர் மறுக்கவில்லை. 12 வருடமாக உங்கள் சாயங்காலங்களைக் கொடுத்திருக்கிறீர்கள், நானும் மறுக்கவில்லை. உங்கள் குழுவில் உள்ள பிள்ளைகளில் உங்களை நண்பர் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

தேர்தலும் பாடகர் குழுவும்

இந்தத் தடவை நிற்காதீர்கள். 1 தீமோத்தேயு 3-இல் கண்காணிக்கு, அதாவது சபைத் தலைவனுக்கு, உள்ள பட்டியலைப் பாருங்கள்: குற்றஞ்சாட்டப்படாதவன், தெளிந்த புத்தியுள்ளவன், அடியாதவன், சண்டைபண்ணாதவன், பணஆசையில்லாதவன், தன் சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவன் என்று போகிறது. திறமை என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றே ஒன்று, போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் திறமையுள்ளவன் என்பது. மற்றதெல்லாம் குணம். நாமோ குரல் இருக்கிறதா, ஆள் திரட்டுவாரா, செலவு பண்ணுவாரா என்று பார்த்து ஓட்டுப் போட்டுவிட்டு, அப்புறம் குணத்தைத் தேடி அலைகிறோம். நிற்காததற்குக் காரணம் கேட்பார்கள். 'வீட்டில் வேலை இருக்கிறது' என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் விட்டு ஓடுவதும் வேண்டாம். குழுவை நடத்துவதையும் பணம் தொடுவதையும் எத்தனை மாதம் நிறுத்தி வைப்பது என்று போதகர் தீர்மானிக்கட்டும், நீங்களே உங்களுக்குத் தண்டனை எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த மாதங்களில் பேஸ் (கீழ்க்குரல்) வரிசையில் கடைசி ஆளாக நின்று பாடுங்கள். புதிதாக நடத்துகிறவர் நிச்சயம் தாளத்தை இழுப்பார், கீர்த்தனையின் சரணத்தில் தடுமாறுவார். திரும்பி முறைக்காமல் அதைப் பாடி முடிப்பதுதான் உங்களுக்கு இப்போது கிடைக்கிற பயிற்சி. ராத்திரி போன் போட்டுத் திருத்தவும் கூடாது.

வீடு

மனைவியின் அந்த வாக்கியத்தைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது அழைப்பாகக் கேட்கிறது. அந்த மனுஷன் நன்றாக இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டுக்கும் வரட்டும் என்கிறார். ஆனால் ஒன்றை நேராகக் கேட்டுவிடுகிறேன். கை ஓங்கியதுண்டா? உண்டு என்றால் இந்தப் பதில் போதாது. முதலில் மனைவி, மகளின் பாதுகாப்பு, அப்புறம்தான் மற்றது. உடனே ஒரு ஆலோசகரிடம் போக வேண்டும். கை ஓங்கவில்லை, வார்த்தை மட்டும்தான் என்றாலும், 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் வார்த்தையால் கொடுமைப்படுத்துவதையும் வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. பெண்களுக்கான 181 என்ற எண் உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

கோபமும் தூக்கமின்மையும் நாலு வாரத்தில் அசையவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள், காசு வாங்குவதில்லை. ஜெபிக்கிறவன் மருத்துவ உதவி கேட்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற போதகர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். பையன் வீட்டுக்குக் கேக் பாக்கெட்டோ, கையில் வேதாகமமோ கொண்டுபோக வேண்டாம். பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அன்று அவன் நடந்த அதே தெருவில் நடந்து போங்கள். கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள் என்று மனைவியிடம் சொல்லுங்கள். மகளும் பக்கத்தில் இருந்தால், அவள் காதிலும் விழட்டும்.